விருந்தன்று சமைப்பவரும் உட்கார வேண்டும்

டிசம்பர் பாதி கடந்துவிட்டால் புதுச்சேரியில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பாரீசிலிருந்து யார் வருகிறார்கள், சென்னையிலிருந்து எத்தனை பேர், யார் எந்த அறையில் படுப்பது. அதற்கு அடுத்த பேச்சு, என்ன சமைப்பது. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடாக இருந்தாலும் சரி, கொண்டாடாத வீடாக இருந்தாலும் சரி, பள்ளி விடுமுறையும் ஆண்டு முடிவும் சேர்ந்து வருவதால் இந்தப் பத்து நாளும் விருந்து நாட்களே. பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைப் பார்க்க ஆண்டு முழுக்கக் காத்திருந்த பாட்டி என்ன செய்கிறார்? எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார்.

இதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். விருந்துக்கு முன்னால் கொடுக்கும் சிறுதீனியை வடை, பஜ்ஜி, கட்லெட் என்று சூடாகப் பொரித்துப் போடுவதை விட்டுவிட்டு, சீஸ் வைத்துச் செய்யும் எளிய பண்டங்களுக்கு நாம் மாறலாம் என்பது என் கருத்து. நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. சமைப்பவர் உட்கார வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடுவோம். தமிழ்ப் பத்திரிகைகள் பாலாடைக்கட்டி என்று எழுதுகின்றன. கடையில் சீஸ் என்று கேட்டால்தான் கொடுக்கிறார்கள். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பதால் எனக்கு அது முதலில் ஃப்ரொமாழ். தமிழை நான் வீட்டிலும் தெருவிலும் கற்றவன். ஆகவே தெருவில் வழங்கும் சீஸ் என்ற சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு சீஸ் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, குஜராத்தின் ஆனந்திலிருந்து வந்த அமுல் டின். இன்னொன்று, பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் வந்த வட்டமான அட்டைப் பெட்டி. அதன் மேல் ஒரு சிவப்புப் பசு சிரித்துக்கொண்டிருக்கும். காதில் அதே பெட்டியைத் தோடாக மாட்டியிருக்கும். லா வாஷ் கீ ரி, அதாவது சிரிக்கும் பசு. 1921 முதல் பிரான்சில் விற்பனையாகும் சரக்கு. உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணத் துண்டுகள். ஒரு துண்டை இரண்டாக்கி அண்ணன் தம்பிக்குப் பங்கிடுவார்கள்.

குளிர்பெட்டி இல்லாத அந்த நாளில் இவை கெடாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. சீஸை உப்புச் சத்துகள் சேர்த்து உருக்கி மறுபடி இறுக வைக்கும் முறையை 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பர் கம்பெனியார் கண்டுபிடித்தார்கள். வெயில் நாடுகளுக்கு அனுப்பினாலும் தாங்க வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் அந்தப் பசு சைகோன் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனது. நம் ஊருக்கும் வந்தது.

எங்கள் தெருவில் இந்தோசீனாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு சொல்தா இருந்தார். பிள்ளைகள் நாங்கள் அவரை முசே என்றே கூப்பிடுவோம். ஆண்டுக் கடைசியில் அவர் வீட்டுக்கு நாலு பேர் வந்தால், மாலை ஏழு மணிக்கு அவரே ஒரு தட்டை எடுத்து வைப்பார். பேனாக்கத்தியால் சீஸைச் சின்னச் சின்னதாக நறுக்குவார். பக்கத்தில் நீட்டு ரொட்டி, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு. அவ்வளவுதான். அவர் மனைவி முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் நன்னாரி சர்பத்துடன், வந்தவர்களோடு சரிக்குச் சமமாகப் பேசிக்கொண்டிருப்பார். குழம்பும் சோறும் முன்பே ஆகி, மூடி வைத்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை அப்பெரித்திஃப் என்பார்கள். 'திற' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறந்துவிடும் வேளை என்று அர்த்தம்.

எங்கள் வீட்டிலோ வேறு வழக்கம். அம்மா வடைக்கு அரைத்து வைத்திருப்பார். விருந்தினர் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எண்ணெய் காய வைப்பார். சுடச்சுட ஒவ்வொரு ஈடாக வெளியே வரும். கடைசி ஆள் கை கழுவும்வரை அவருக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. அப்புறம் பந்தி பரிமாற வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் பண்டிகை நாட்களில் எடுத்த படங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. அம்மா இருப்பது ஒன்றே ஒன்றில். அதுவும் சமையலறை வாசலில், கையில் சாரணியோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிறார். அம்மாவின் மசால் வடையை எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் புகழ்கிறார்கள். அம்மா அந்த நாட்களில் என்ன பேசினார், எதற்குச் சிரித்தார் என்று என் பேத்தி கேட்டபோது, சொல்ல எங்கள் யாரிடமும் ஒன்றும் இல்லை. அவர் அந்தக் கூடத்திலேயே இல்லையே!

வெள்ளைக்காரன் பழக்கம் எல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சிலும் சமையலறையில் அதிகம் நிற்பது பெண்கள்தாம். நான் சொல்வது பண்டத்தின் குணத்தைப் பற்றி. வடைக்கு ஆறக் கூடாது, ஆறினால் போச்சு. ஆகவே அது ஒரு ஆளை அடுப்போடு கட்டிப்போடுகிறது. சீஸ் அப்படியில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே தின்றால் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் வெளியே இருந்து குளிர் விட்டால்தான் மணமும் ருசியும் வரும். அதாவது, காத்திருந்தால் நன்றாகும் பண்டம். அதை வைத்துவிட்டு வீட்டம்மா வந்து உட்காரலாம்.

இனி, வீட்டில் செய்து பார்த்து நிலைத்துப்போன ஐந்து வகைகளைச் சொல்கிறேன். பத்துப் பேருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க, எல்லா வகையிலும் சேர்த்து நானூறு கிராம் சீஸ் போதும். அதற்கு மேல் வைத்தால் பிரியாணி மிஞ்சும்.

முதலாவது, குச்சியில் குத்துவது. கட்டி சீஸை ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, அன்னாசித் துண்டோ விதையில்லாத திராட்சையோ சேர்த்துப் பல்குச்சியில் குத்த வேண்டும். கொய்யாக் கிடைத்தால் இன்னும் நல்லது. காயும் பழமுமாக இருக்கும் கொய்யாவில் துளி மிளகாய்ப் பொடி தூவி சீஸோடு சேர்த்துப் பாருங்கள். இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பாதியைத் தின்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாக நறுக்கிக் கொடுங்கள்.

இரண்டாவது, தயிரில் செய்வது. கடைக்குப் போகவே வேண்டாம். ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலில் தோய்த்த தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு இரவு முழுக்கக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர்ச் சூட்டுக்குப் புளித்துவிடும். காலையில் கெட்டியான வெண்மையான பண்டம் கிடைக்கும். அதில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, கொத்தமல்லி, மிளகு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், சில சொட்டு வினிகர் சேர்த்துக் குழைக்க வேண்டும். உப்பு கடைசியில். வெள்ளரி வில்லைகளின் மேல் ஆளுக்கு மூன்று என்று வையுங்கள். பிரான்சின் லியோன் நகரில் ஏறக்குறைய இதே பண்டத்துக்குப் பட்டு நெசவாளியின் மூளை என்று பெயர். அந்த ஊர் நெசவாளிகளின் எளிய உணவு. ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த நம் ஊரில் அது அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, பேரீச்சம்பழம். கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பசு மார்க் சீஸையோ மேலே சொன்ன தயிர்க் கட்டியை உப்பு, வெங்காயம் சேர்க்காமலோ வைத்து, மேலே ஒரு முந்திரி. நெருப்பே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நானும் அந்தக் கட்சிதான்.

நான்காவது, தோசைக்கல்லில் செய்வது. நீட்டு ரொட்டியை அரை அங்குல கனத்தில் வெட்டி, ஒரு பக்கம் வாட்டித் திருப்பிப் போட்டு, வாட்டிய பக்கத்தில் துளி கடுகு விழுது தடவி, துருவிய சீஸ், நறுக்கிய பச்சை மிளகாய் வைத்து, மூடி போட்டு சின்னத் தீயில் இரண்டு மூன்று நிமிடம். சீஸ் உருகியதும் எடுத்துவிடலாம். இது ஒன்றுதான் சுடச்சுடக் கொடுக்க வேண்டியது. ஆகவே இதை வீட்டு ஆண்கள் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டுவிடுங்கள். மாப்பிள்ளையானாலும் விலக்கில்லை. பாரீசில் அவர்கள் வீட்டில் செய்கிற வேலைதானே.

ஐந்தாவது, அவன் வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும். கூழேர் என்று பெயர். நம் கூழுக்கும் இதற்கும் உறவில்லை. பூர்கோஞ் பகுதியில் மதுவோடு கொடுக்கும் சீஸ் உருண்டை. 250 மில்லி தண்ணீரில் 100 கிராம் வெண்ணெயும் துளி உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, 150 கிராம் மைதாவை ஒரே தடவையாகக் கொட்டி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரளும்வரை கிளற வேண்டும். சூடு சற்றுத் தணிந்ததும் நாலு முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, துருவிய கெட்டி சீஸ் 100 கிராம் கலந்து, கரண்டியால் சின்ன உருண்டைகளாகத் தட்டில் வைத்து, 200 டிகிரியில் 25 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் உப்பியது அமுங்கிவிடும். முதல் நாளே செய்து வைத்து, மறுநாள் ஐந்து நிமிடம் சூடு காட்டினால் போதும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. கோப்பில் குறிப்பெழுதிப் பழகியவன் என்பதால் சாதகத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

உப்பு. பதப்படுத்திய சீஸில் சாதாரண உப்போடு, உருக்குவதற்குச் சேர்க்கும் சோடியம் உப்புகளும் உண்டு. நாளைக்கு மொத்தமாக 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வயதில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதவர் குறைவு. ஆகவே நமக்குத் தயிர்க் கட்டியும் வெள்ளரியும். பிள்ளைகளுக்கு அமுல் சதுரம். ஊறுகாயையும் அப்பளத்தையும் அன்றைக்கு ஒதுக்கிவிட்டால் ஒரு துண்டு சீஸுக்கு இடம் கிடைக்கும்.

சைவம். இதைப் பலர் யோசிப்பதில்லை. பாலைத் திரட்டச் சேர்க்கும் உறைபொருளை ஐரோப்பாவில் பழைய முறைப்படி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள். இத்தாலியின் பார்மிஜானோ சீஸ் இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. நம் நாட்டில் செய்யும் சீஸில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பதுண்டு. பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வந்த வெளிநாட்டுச் சீஸைச் சைவ நண்பருக்குச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை. கேட்டுவிட்டுச் சாப்பிடுவதும் விடுவதும் அவர் விருப்பம். முட்டை சேர்ந்த கூழேரையும் தனித்தட்டில் வைப்பது நல்லது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சீஸைக் கண்டாலே ஒதுங்குவார்கள். நாள்பட முதிர்ந்த கெட்டி சீஸில் பால் சர்க்கரை மிகக் குறைவு. சிறு துண்டு பலருக்கு ஒன்றும் செய்யாது.

நேரம். பிரான்சில் ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. நமக்கு மார்கழியிலும் இருபது நிமிடம் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். மழைக்கால ஈரத்தில் பிஸ்கட் நமத்துவிடும் என்பதால், எதையும் பிஸ்கட் மேல் முன்கூட்டியே வைக்காதீர்கள். தட்டில் தனித்தனியாக இருக்கட்டும். அவரவர் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கூடப் படித்த நண்பர் ஒருவர் ஆட்சேபம் சொன்னார். பிரெஞ்சு முறைப்படி சீஸ் சாப்பாட்டுக்குப் பிறகு, இனிப்புக்கு முன்னால் வர வேண்டியதாம். முன்னால் வைப்பது பிழையாம். முறை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூழேர் முன்னால் வருவதும் அதே நாட்டு முறைதான். தவிர, பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் சாப்பிட்ட பிறகு சீஸுக்கு வயிற்றில் இடம் எங்கே?

இன்னொரு ஆட்சேபம் என் தங்கையிடமிருந்து வந்தது. "என்ன அண்ணா, வந்தவங்களுக்குக் கையால ஒண்ணு செஞ்சு சூடாப் போடாம, கடையில வாங்கின கட்டிய நறுக்கி வெச்சா மரியாதையா?" இது லேசான கேள்வி இல்லை. சூடாகப் போடுவது நம் வீடுகளில் அன்பைக் காட்டும் வழி. அம்மாவும் அதைத்தான் செய்தார். ஆனால் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு வடை பாரீசிலேயே கிடைக்கிறது. லா ஷப்பேல் பக்கம் போனால் நம்மவர் ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கிடைக்காதது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம். அதைக் கொடுக்காமல் வடையைக் கொடுத்தால் மரியாதை குறைந்ததா, கூடியதா என்று தங்கையைத்தான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் தயிரை எத்தனை மணி நேரம் கட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரவழைத்துவிடலாமே என்பார்கள் இளையவர்கள். வரவழைக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் கூடி நறுக்குவதிலும் குத்துவதிலும் ஒரு பேச்சு இருக்கிறது. டப்பாவைத் திறப்பதில் அது இல்லை. செலவும் யோசிக்க வேண்டியதே. ஓய்வூதியக்காரர்கள் நாம் வெளிநாட்டுச் சீஸுக்குப் போக வேண்டியதில்லை. அமுல் கட்டி ஒன்று, தயிர் ஒரு லிட்டர், குபேர் அங்காடியில் வாங்கிய பழம், காலையில் வாங்கிய ரொட்டி. ஆசைப்பட்டால் ஆரோவில்லில் செய்யும் சீஸில் ஒரு சிறு துண்டு. மது வேண்டுமா என்பது அவரவர் வீட்டு விஷயம். எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாறும் இஞ்சியும் சேர்த்த சர்பத் போதுமென்று ஆகிவிட்டது.

ஆகவே வாசகர்களுக்கு, குறிப்பாக என் வயது ஆண்களுக்கு, ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விருந்தன்று பெரிய சமையலை ஆறு மணிக்குள் முடிக்க உதவி செய்யுங்கள். ஆறரைக்கு அடுப்பை அணையுங்கள். ஏழு மணிக்குத் தட்டை நீங்களே கொண்டுவந்து கூடத்தில் வையுங்கள். நாற்காலி போடும்போது சமைத்தவருக்கும் ஒன்று போடுங்கள்; அதுவும் வாசலோரமாக இல்லாமல், நடுவில் போடுங்கள். எட்டரைக்குக் குழம்பைச் சூடுபண்ண யாராவது ஒரு பேரன் எழுந்து போகட்டும். அவன் எழும்போது பாட்டியும் பழக்கத்தில் எழுவார். உட்காரச் சொல்லுங்கள்.

அனைவருக்கும் பண்டிகை வாழ்த்துகளும் புத்தாண்டு வாழ்த்துகளும்.